ஒரு மொட்டுகூட விடாமல்

"பூக்கப் போற நேரத்துல யாராச்சும் இப்படி மொட்டைக் கிள்ளுவாங்களா?"

பக்கத்து வீட்டு மெங் அக்கா மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். சூயுன் நிமிரவில்லை. பியோனிச் செடியின் அடுத்த கிளையை வளைத்து, கோலிக்குண்டு அளவில் இறுகியிருந்த பச்சை மொட்டை நகத்தால் நறுக்கிக் கூடையில் போட்டாள்.

"நானும்தான் புதுசா வெச்ச செடிக்குக் கிள்ளினேன், முதல் வருஷம் வேர் பிடிக்கட்டும்னு. அதுலயும் ஒரு மொட்டை விட்டு வெச்சேன், வித்தவன் சொன்ன நிறம்தானான்னு பார்க்க. நீ என்னடான்னா முப்பது வருஷச் செடியை ஒண்ணு விடாமச் சிரைச்சு விடுறே."

"பூத்தா யாருக்குக்கா பூக்கப் போகுது?"

பதில் மெங்குக்கும் தெரியும். சூயுனுடைய கணவனின் அண்ணன் பாவ்குவெய்க்கு.

அந்தச் செடி சூயுன் மணப்பெண்ணாக வந்தபோது அவள் அம்மா கொடுத்தனுப்பியது. ஏறக்குறைய கறுப்பு என்று சொல்லும்படியான ஊதாப் பூ. வீட்டுக்கு வீடு பியோனி வளர்க்கும் அந்த ஊரில்கூட அப்படியொரு நிறம் வேறு யாரிடமும் இல்லை.

போன வருஷம் கோடையில் கணவன் இறந்தான். மறுமாதமே பாவ்குவெய் கேட்க ஆரம்பித்துவிட்டார். தங்கள் டுவான் குடும்பத்து மண்ணில் வேர்விட்டது டுவான் குடும்பத்துக்கே, ஆண் வாரிசு இல்லாத வீட்டில் அது தன் மகனுக்கு வரவேண்டும் என்றார்.

"என் மகள் யுஹெக்குத்தான் அது. எங்க அம்மா எனக்குக் கொடுத்தாங்க, நான் அவளுக்குக் கொடுப்பேன்" என்றாள் சூயுன்.

புத்தாண்டுக்குக் கூடிய பெரியவர்கள் சிரித்தார்கள். அக்டோபரில் பக்கத்து ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இந்த வீட்டுச் செடியில் என்ன பாத்தியதை? ஆளாளுக்குத் தலையாட்டித் தீர்ப்புச் சொன்னதும் சூயுன் எழுந்தாள்.

"சரி. முற்றத்துல நிக்கிறதை எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்பதுதான் பிறகு ஊரில் பேச்சு.

மொட்டுக் கிள்ளி மூன்று வாரம் ஆனது. ஊரில் முற்றத்துக்கு முற்றம் பூ வெடித்துக் கிடக்க, சூயுன் வீட்டில் மட்டும் வெறும் இலை. அன்றைக்குக் காலை பத்து மணிக்கு மண்வெட்டியும் வைக்கோல் கயிறுமாக மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கினார் பாவ்குவெய்.

"பூக்குற காலத்துல போய்த் தோண்டுறீங்களே? செடியை இடம் மாத்துறது இலையுதிர் காலத்துல, அக்டோபர் வாக்குலன்னு குழந்தைக்குக்கூடத் தெரியுமே" என்றாள் மெங்.

"அதுவரைக்கும் விட்டா இவ கமுக்கமா மகள் வீட்டுக்கு ஏத்தி விட்டுருவா. என்னை என்ன பச்சைப்பிள்ளைன்னு நினைச்சீங்களா?" அவர் மொட்டையாக நின்ற கிளைகளைப் பார்த்தார். "ஏம்மா யுஹெயோட அம்மா, எம்மேல இருக்குற கோவத்தை மொட்டு மேல காட்டிட்டியாக்கும்? காட்டு, காட்டு. அடுத்த வருஷம் என் வாசல்ல பூக்கும்."

"பூக்கட்டும்ணே. ரொம்ப ஆழமா மட்டும் வெச்சுராதீங்க, பூக்காது. தண்ணி தேங்கினா வேர் அழுகிரும். பிண்ணாக்கைப் புளிக்க வெச்சுத்தான் போடணும்."

"என்னடி, வாரிக் கொடுக்குறவ மாதிரி பாடம் நடத்துறே?" மெங்குக்குப் பொறுக்கவில்லை.

"செடி என்னக்கா பாவம் பண்ணுச்சு?"

மண்கட்டி உடையாமல் செடியைப் பெயர்த்து, கயிறு சுற்றி வண்டியில் ஏற்றுவதற்குள் பாவ்குவெய்க்குச் சட்டை நனைந்துவிட்டது. சூயுன் குடிக்க ஒரு குவளை வெந்நீர்கூடக் கொடுக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நகரத்துப் பூங்காவுல நம்ம குடும்பப் பேர்ல இதை வைக்கப்போறாங்க. பலகையில போட பூவோட படம் கேக்குறாங்க. நீதான் ஒண்ணு விடாமக் கிள்ளிட்டியே. படம் ஏதாச்சும் வெச்சிருக்கியா?"

"உங்க மகனுக்குன்னு சொன்னீங்க?"

"எல்லாம் ஒண்ணுதான். இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

சூயுன் மேலங்கிப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

சோற்றுக் கிண்ணம் அகலத்துக்கு ஒரே ஒரு கறுப்பூதாப் பூ, இதழில் பனி. அந்தச் செடியின் மற்றக் கிளைகளெல்லாம் நுனி கிள்ளப்பட்டிருந்தன. பக்கத்தில் யுஹெ குந்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதேதான்! எனக்கு அனுப்பு" என்றவர், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். யுஹெயின் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு. அதில் கல்யாணத்துக்கு ஒட்டிய சிவப்புத்தாள், வெயிலில் வெளிறிப்போய்.

அது இந்த வீட்டுக் கதவு இல்லை.

"இது... எப்ப எடுத்த படம்?"

"இன்னைக்குக் காலையில."

பாவ்குவெய் போனைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியில் கட்டி வைத்திருந்த செடியை ஒருமுறை பார்த்தார். "அப்ப இது என்ன நிறம்?" பதிலுக்கு நிற்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.