மீதி இரண்டு

கணக்கெடுப்புக்கு வந்த பெண் கடைசியாகக் கேட்டாள்: “வாழ்க்கையில எவ்வளவு திருப்தியா இருக்கீங்க? பத்துக்கு எத்தனை போடட்டும்க்கா?” சற்குணம் யோசிக்காமல் எட்டு என்றாள். பெண் குறித்துக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தியதும் சற்குணத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீதி இரண்டு எங்கே போயிற்று? கணவர் தணிகாசலம் குடிப்பதில்லை, அதிர்ந்துகூடப் பேசுவதில்லை. மகளுக்கு நல்ல இடத்தில் வேலை. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. அரிந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தாள். “என்ன தேடறே?” என்றார் தணிகாசலம், செய்தித்தாளிலிருந்து நிமிராமல். “ஏங்க, நான் சந்தோஷமாத்தானே இருக்கேன்?” “உனக்கென்ன குறைச்சல்?” என்று அவர் பக்கத்தைப் புரட்டினார். அதற்குமேல் அவளால் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினாள். அந்தப் பெண் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். “அந்த எட்டை அடிச்சிடும்மா” என்றாள் மூச்சிரைக்க. பெண் தாளைத் தேடியெடுத்து எட்டை அடித்தாள். “சரிக்கா, இப்ப எத்தனைன்னு போட?” சற்குணம் விரல்விட்டு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். பஸ் வந்து நின்றது. “சீக்கிரம் சொல்லுங்கக்கா.” சற்குணம் அவள் கையை எட்டிப் பிடித்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். பேனா பிடித்த அந்தக் கையைச் சற்குணம் விடவில்லை.