சத்தம் மட்டும் போதும்

“கிராஃபிக்ஸ் கார்டை மாத்த முடியாது அங்கிள். இதுல அது தனியா இல்ல. போர்டோட சேர்த்து சால்டர் பண்ணி ஒட்டிட்டாங்க,” என்றாள் கடைக்காரப் பெண்.

லேப்டாப் அவள் மேஜைமேல் குப்புறக் கிடந்தது. அடிமூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

பெரியவர் விடுவதாக இல்லை. ஆட்டம் கண்ட பல்லையே பிடுங்கிவிட்டு வேறு பல் வைக்கிறார்களே, இதை மட்டும் ஏன் முடியாது என்று கேட்டார்.

முடியாதென்றால் முடியாதுதான், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வாங்க முடியாதவர்கள்தான் அப்படிக் கண்ணாடியைத் துடைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். அவர் தினமும் சாயங்காலம் இதில் ஆடுகிற வீடியோ விளையாட்டைப் போன வாரம் புதுப்பித்துவிட்டார்கள். இப்போது அதில் புல் அசைகிறதாம், தண்ணீரில் நிழல் விழுகிறதாம். அந்த அழகையெல்லாம் தாங்குகிற தெம்பு இந்தக் கிழட்டு லேப்டாப்புக்கு இல்லை. திறந்தால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுத் தானே அணைந்துவிடுகிறது. ஒரு வாரமாகப் பெரியவரின் சாயங்காலங்கள் வெறிச்சென்று கிடக்கின்றன.

இத்தனைக்கும் அவர் ஒன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை. அது இன்டர்நெட்டில் குழுவாகச் சேர்ந்து, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே ஆடுகிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அதில் அவர் இதுவரை ஒருத்தரைக்கூடச் சுட்டதில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினால் குண்டு பாயும் என்பதே அவருக்குச் சந்தேகம். மற்றவர்கள் ஓடும்போது பின்னால் மெதுவாக நடந்து போவார். குழுவில் அவருக்கு ஆமை என்று பேர். மைக் கெட்டுப்போன யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

விளையாட்டில் படத்தின் தரத்தையெல்லாம் குறைத்து வைத்தால் ஒருவேளை ஓடும், ஆனால் படம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும் என்றாள் கடைக்காரப் பெண்.

“படம் கிடக்கட்டும்மா. சத்தம் வருமா?”

சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது நன்றாக வரும் என்றாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காற்றடிக்கிற கருவியை எடுத்து உள்ளே இருந்த ஃபேனைச் சுத்தம் செய்தாள். பழுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டியிருந்த தூசி கடை முழுக்கப் பறந்தது.

“சிகரெட் ஜாஸ்தியோ அங்கிள்? ஃபேனைப் பாத்தாலே தெரியுது.”

பெரியவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

அடிமூடியைப் போடப் போனவள் நிறுத்தினாள். மைக் ஒயர் கழன்றிருக்கிறது, ஒரு நிமிட வேலை, மாட்டிவிடுகிறேன் என்றாள். அவர் பதறிப்போய் வேண்டாம் என்றார். வேறொரு கடையில் சொல்லி அதைக் கழற்ற வைத்ததே அவர்தான்.

பேசினால் மகள் கண்டுபிடித்துவிடுவாள்.

இது மகளுடைய லேப்டாப். அந்த விளையாட்டும் அவளுடையதுதான். இனி என் முகத்தில் முழிக்காதே என்று அவர் கத்திய நாளில் இதை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். அப்பா சொன்ன பேச்சை அவள் கேட்டது அந்த ஒரு முறைதான். அதன்பிறகு அவர் போன் செய்தால் மணி அடிப்பதுகூட இல்லை. அந்த விளையாட்டுக்குள் அவளைத் தேடித் தேடி, கடைசியில் அவள் குழுவில் ஓர் ஆள் குறைந்த ஒரு சாயங்காலம், வேறு பேரில் உள்ளே நுழைந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே நடக்கிறார்.

அடிமூடியை மாட்டி, லேப்டாப்பைத் திருப்பி வைத்து, படத்தின் தரத்தைக் குறைத்து விளையாட்டைத் திறந்தாள் கடைக்காரப் பெண். திணறித் திணறித் திறந்துகொண்டது. காடு, வீடு, மனிதர் எல்லாம் கலங்கிய கட்டங்களாகத் தெரிந்தன. சத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லிக் கடையிலிருந்த ஹெட்செட்டைச் செருகி அவர் தலையில் மாட்டிவிட்டு, பில் போடப் போனாள்.

“டேய் ஆமை! எங்கடா போன ஒரு வாரமா?”

மகளின் குரல். காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. லேப்டாப் ரிப்பேர் என்று பெரியவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

“சரி சரி, பின்னாடியே வா. நான் பாத்துக்கறேன்.”

அப்போதுதான் அந்தப் பழுப்புத் தூசி வேலையைக் காட்டியது. நெஞ்சிலிருந்து கிளம்பிய இருமல், அடக்க அடக்க, அடுக்கடுக்காக வந்தது. கையால் வாயைப் பொத்தப்போனபோது விரலில் ஏதோ இடித்தது. ஹெட்செட்டில் மைக்கும் இருந்தது.

அந்தப் பக்கம் சத்தம் நின்றுபோயிற்று.

முடிந்தது என்று நினைத்தார். இப்போது அவள் பெயர் திரையிலிருந்து போய்விடும். பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சைக்கூட விடவில்லை. குழுவில் யாரோ ஒருவன் “யாருப்பா அது இருமறது?” என்று கேட்டான்.

கண்ணைத் திறந்தபோது கட்டங்களுக்கு நடுவே மகள் நின்றிருந்தாள். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் திரும்பி ஆமைக்காக நின்றிருந்தாள்.

“இன்னும் அந்தச் சிகரெட்ட விடலையா?” என்றாள்.