நல்ல சேதிக்குப் பரிசு

குதிரைப் பந்தயத்தில் விழுந்ததிலிருந்து தாலாயின் வலது கை துவண்டே கிடந்தது. பிஷ்கெக் மருத்துவமனையில், ஸ்கேன் அறை வாசலில், அவன் மனைவி பெர்மெத் தவித்தபடி நின்றாள்.

இளம் நர்ஸ் துள்ளிக்கொண்டு வந்தாள். "சுயுன்ச்சு! நல்ல சேதி, அக்கா. பரிசு குடுத்தாத்தான் சொல்வேன்!"

"முதல்ல சொல்லும்மா."

"டாக்டர் படத்துல இழை இழையாப் பார்த்துட்டார். தோள் நரம்பு அறுந்து போகல, நசுங்கித்தான் இருக்கு. கை பழையபடி ஆயிடும்!"

"பழையபடியேவா?"

"அதே பலத்தோட! எங்க என் பரிசு?"

வழக்கத்தை மீற முடியுமா? பெர்மெத் கண்ணீரோடு கழுத்துத் துணியை அவிழ்த்து நீட்டினாள்.

நர்ஸின் சிரிப்பு நின்றது. பெர்மெத்தின் கழுத்தெல்லாம் குதிரைச் சவுக்கின் தழும்புகள்.

"அவர் கை விழுந்த இந்த ரெண்டு மாசமாத்தான் புதுசா எதுவும் விழல," என்றாள் பெர்மெத்.