ஏரிக்குப் போன வண்டி

“வேணாங்க. அப்படியே காயலாங்கடைக்குப் போட்டுடலாம்.”

மேரிராணி இதைச் சொல்வது அன்றைக்கு மூன்றாவது முறை. சூசை வண்டியின் பின்பக்கத்துக்குக் கீழே ஜாக்கியைத் தள்ளினார்.

பர்கூர் தாண்டி, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அவருடைய ஒர்க் ஷாப். வண்டி ஒரு பக்கி. மணலிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டுவதற்காக, கதவும் கூரையும் இல்லாமல் வெறும் குழாய்களை வைத்து அவரே கட்டியது. இரண்டு வருடமாக வேப்பமரத்தடியில் மழையில் கிடந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கும் பிரதாப் என்பவர் அதைக் கேட்டு வந்திருந்தார். பின்பக்க சஸ்பென்ஷனைப் பிரித்துப் புதுசாக்கி, இனிமேல் துருப் பிடிக்காதபடி செய்து தர வேண்டும் என்று பேச்சு.

“இந்தச் சனியன் என் கண்ணு முன்னால இருந்து போனாப் போதும்” என்றார் சூசை.

“போகட்டும். என்னாத்துக்குக் கழட்டணும்? இருக்கிறபடியே தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

“துருவோட அனுப்பச் சொல்றியா? நாளைக்கு வேற ஒரு வீட்டுப் பொண்ணு இதுல ஏறி உக்காருவா.”

மேரிராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் வீட்டுப் பெண் ரெனிட்டா இதில்தான் போனாள். பத்தொன்பது வயது. வண்டி கட்டி முடித்த மூன்றாம் மாதம், காய்ந்து கிடந்த ஏரிக்குள் ஒரு சுற்று போய்வரலாம் என்று அண்ணன் லியோவோடு ஏறினாள். வண்டி கவிழ்ந்தது. லியோ சிராய்ப்போடு எழுந்துவிட்டான். ரெனிட்டாவை ஆஸ்பத்திரி வரைக்கும்கூடக் கொண்டுபோக முடியவில்லை.

“ஞாயித்துக்கிழம கோயில்ல லியோவப் பாத்தேங்க. ரொம்ப இளைச்சிட்டான். ஓசூர்ல கம்பெனிச் சாப்பாடு ஒத்துக்கல போல. ஒரு தடவ வீட்டுக்கு வரச் சொல்லட்டுங்களா?”

“அந்தப் பேர எடுக்காத.”

“அவன் உங்க புள்ளைங்க.”

“புள்ளையா?” சூசை ஸ்பேனரைக் கீழே போட்டார். “மொத நாளு என்ன சொன்னான்? ‘மெதுவாத்தாம்பா வந்தேன், பின்சக்கரம் திடீர்னு உக்காந்துடுச்சு’ன்னு அழுதான். நானும் நம்பினேன். மூணாம் நாளு ஸ்டேஷன்ல போயி, ‘கண்ணுமண்ணு தெரியாம வெரட்டினேன், எல்லாம் என் தப்பு’ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிறான். தங்கச்சியக் கொன்னதும் இல்லாம, பெத்தவங்கிட்ட பொய்யும் சொன்னவன்.”

அன்றைக்கு, ‘என் சாவுக்கும் நீ வரக் கூடாது’ என்று சொல்லி மகனை வாசலோடு அனுப்பியிருந்தார். இன்றுவரை அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வழக்குக்கு அவன் தனியாகத்தான் கோர்ட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.

கம்பி பிரஷ் பட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பின்பக்கம் குறுக்காக ஒரு பெரிய குழாய். அதற்குள் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு எஃகுக் கம்பிகள். சக்கரம் மேடு ஏறும்போது கம்பி முறுகிக் கொடுக்கும்; இறங்கும்போது பழையபடி நிமிரும். வண்டியின் பாரம் முழுவதும் அந்த இரண்டு கம்பிகள் மேல்தான்.

குழாயின் உட்புறத்தைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, கிரீஸ் அடைத்துவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை. அதற்குக் கம்பிகளை வெளியே எடுத்தாக வேண்டும்.

“ஏங்க, சொன்னாக் கேளுங்க...” மேரிராணி அவர் கையைப் பிடித்தாள்.

“உனக்கு மனசு தாங்கலன்னா உள்ள போ, ராணி.”

அவள் போகவில்லை.

இடது பக்க மூடியைக் கழற்றினார். கம்பி முழுசாக வந்தது. முனையைத் துணியால் துடைத்தார். ‘ஆர்’ என்ற எழுத்து தெரிந்தது.

வலதுக்கான கம்பி.

ஒருமுறை ஓடிய கம்பி ஒரே பக்கமாக முறுகிப் பழகியிருக்கும். அதைப் பக்கம் மாற்றி மாட்டினால் உள்ளுக்குள் விரிசல் விடும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். இது தெரியாதவர் அல்ல சூசை. பெங்களூரில் பழைய கம்பிகளாகத் தேடி வாங்கி வந்ததும் அவர்தான். எஞ்சின் வேலையை லியோவிடம் விட்டுவிட்டு, ‘பின்பக்கம் மட்டும் நீ கை வைக்காத, அது என் வேலை’ என்று சொன்னதும் அவர்தான்.

வலது பக்க மூடியைக் கழற்றினார். கம்பி பாதிதான் வந்தது. ஒடிந்த மீதி குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொண்டது. வந்த துண்டின் முனையில் ‘எல்’ என்று இருந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

“ராணி... அவன் வெரட்டல. மெதுவாத்தான் போயிருக்கான். நாந்தான்... என் பொண்ண நாந்தான்...”

மேரிராணி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“தெரியுங்க. அடக்கம் முடிஞ்ச மறுநாளே லியோ இதக் கழட்டிப் பாத்துட்டான். பழையபடி பூட்டி வெச்சிட்டு, ‘தெரிஞ்சா அப்பா உசுரோட இருக்க மாட்டாரும்மா’ன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு, நேரா ஸ்டேஷனுக்குப் போனான்.”