ஒரு கூடை மண்

தாட்சாயணி மண் திருடிக்கொண்டிருந்தாள்.

பனி இன்னும் கலையவில்லை. நகரி மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கூடையும் கையுமாகச் செங்கம்மாவின் கத்திரித் தோட்டத்தில் குனிந்து நிற்பது அவளுக்கே கனவு மாதிரி இருந்தது.

தாட்சாயணியின் கழனியில் கத்திரிச் செடிகள் பச்சையாகவே தலை சாய்ந்து செத்தன. பக்கத்தில் செங்கம்மாவின் துண்டு நிலத்தில் ஒரு செடிகூட வாடவில்லை.

போன வாரம் புத்தூரிலிருந்து சைக்கிளில் வந்த விவசாய ஆபீசர் இரண்டையும் சுற்றிப் பார்த்தார்.

"அந்தம்மா மண்ணுல கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிங்க இருக்கும்போல. வேரைச் சுத்திக் காவல் நின்னு நோயை அண்ட விடாது. கேட்டு வாங்கி, புது நாத்து வெக்கிற குழியில ஒரு கை போட்டுப் பாருங்க."

புருஷன் முனிரத்தினம் துள்ளினார்.

"நேத்து வரைக்கும் நம்மகிட்ட கூலிக்கு நின்னவ! அவகிட்ட நான் கையேந்தணுமா? அவ மண்ணு என் கழனியில விழக்கூடாது!"

சொல்லிவிட்டு எல்லைக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். ஊர் மெட்ராஸுக்கா, ஆந்திராவுக்கா என்று அங்கே ஓயாத சண்டை. "ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம்!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவார்.

இந்த வெள்ளாமையும் போனால் அடுப்பெரியாது. ஆனாலும் செங்கம்மாவிடம் கேட்கத் தாட்சாயணிக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் இந்த விடியல் வேலை. பொலபொலவென்று குவிந்துகிடந்த மண்ணை நாலைந்து விடியலில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய் நாற்றுக் குழிகளில் போட்டாள்.

புது நாற்று வேர் பிடித்தது. பூத்தது. காய்த்தது.

"எல்லாம் நாராயணவனத்துப் பெருமாள் கருணை" என்றார் முனிரத்தினம், பார்த்தவர்களிடமெல்லாம்.

முதல் காய் பறித்த அன்று தாட்சாயணிக்கு மனசு கேட்கவில்லை. மடி நிறையக் கத்திரிக்காயோடு செங்கம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"செங்கம்மா, உன் மண்ணைத் திருடிட்டேன். தப்புதான்."

செங்கம்மா சிரித்தாள்.

"தெரியும்மா, மொத நாளே பாத்துட்டேன். அப்புறம் தினம் சாயங்காலத்துல கல்லு பொறுக்கி, கொத்திக் குவிச்சு வெச்சதே நான்தானே?"

"அப்படின்னா கூப்பிட்டுக் குடுத்திருக்கலாமே!"

"நான் குடுத்தா உங்க வூட்ல வாங்க மாட்டீங்களேம்மா. அதான், திருடிக்கினாவது போவட்டும்னு விட்டுட்டேன்."