விடாத பிரேக்

கோல்ஃப் வண்டியின் இடது பிரேக், மேட்டில் ஏறும்போதும் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

“கொஞ்சம் விடேன், மூச்சு வாங்குது” என்றது சக்கரம்.

“நான் அசந்தா நீ ஏரிக்குள்ளதான் போவ. அந்த வலது பிரேக்கைப் பாரு, பெடலை மிதிச்சாத்தான் எழுந்திருப்பான்” என்றது பிரேக்.

ஒருநாள் இறக்கத்தில் வண்டி ஓட்டியவர் பெடலை மிதித்தார். தேய்ந்து தகடாகிப்போன இடது பிரேக் வழுக்கியது. வலது பிரேக் ஒற்றையாகப் பிடித்து, வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தியது.

மெக்கானிக் ஜெபமணி வண்டியை ஜாக்கியில் தூக்கி, இடது பக்கம் புது பிரேக் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, அது தாராளமாக ஓடும்வரை தளர்த்தினார். பழையதைக் குப்பைக் கூடையில் எறிந்தார்.

கூடையில் ஒரு காலி ஆயில் டப்பா சும்மா கிடந்தது.

“பயப்படாதே, உன்னை உருள விடமாட்டேன்” என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது பழைய பிரேக்.