புகை வராத எஞ்சின்

புகை இன்ஸ்பெக்டரை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது பென்ஷன் ஆபீஸில். கால் நடுங்க நின்றுகொண்டிருந்தார். எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன்.

பக்கத்திலிருந்த பழைய ரயில் டிரைவர் என் காதைக் கடித்தார். "அந்த ஆளுக்கா இடம் குடுக்கிற? புகையே விடாத எஞ்சின் புகை விட்டுதுன்னு எழுதின பாவியாச்சே!"

எழுதினார்தான். அந்த எஞ்சினை ஓட்டியவனே நான்.

ஊருக்குள் கரும்புகை விடக் கூடாது என்று சட்டம் வந்திருந்த நேரம். ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் இருந்த நடைபாலத்தில் இன்ஸ்பெக்டர் நிற்பார். கையில் ஓர் அட்டை. வெளுப்பிலிருந்து கறுப்புவரை கட்டங்கள் போட்டிருக்கும். புகையை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கறுத்திருந்தால், கரி அள்ளிப் போடும் பயர்மேனுக்குத் தண்டனை.

என் பயர்மேன் புகை வராமல் கரி போடுவதில் மன்னன். அள்ளிக் கொட்ட மாட்டான். கொஞ்சமாகத் தூவி, அது நன்றாகப் பிடித்து எரிந்த பிறகுதான் அடுத்ததைப் போடுவான். புகைபோக்கியில் வெறும் ஆவிதான் தெரியும். சீக்கிரமே டிரைவர் ஆக வேண்டியவன்.

பாலத்துக்குப் பக்கத்தில் சிக்னலுக்காக நிற்போம். லைன் ஓரத்தில் ஒரு சலவைக்கார அக்கா இருந்தாள். புருஷன் போன பிறகு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். எங்களைப் பார்த்ததும் ஆரம்பிப்பாள்.

"டேய் கரிமூஞ்சி! என் துணியெல்லாம் பாழாக்கிட்டியே, நீ விளங்குவியா?"

"முதல்ல உன் வாயை வெளுக்க ஆள் பாரு!" என்று இவனும் கத்திக்கொண்டே கரிக்கட்டிகளை அவள் பக்கம் வீசுவான். ஒன்றுகூட அவள்மேல் பட்டதில்லை.

அது அவர்கள் ஏற்பாடு. துணியை வேக வைக்க அவளுக்குக் கரி வேண்டும். ரயில்வே கரியை வெளியாளுக்குக் கொடுத்தால் வேலை போய்விடும். கோபத்தில் எறிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஒருநாள் கேட்டார்கள். தலைமை ஆபீஸிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் அன்று இன்ஸ்பெக்டரோடு பாலத்தில் நின்றிருந்தார். இருவரும் இறங்கி வந்து எஞ்சினில் ஏறினார்கள்.

"எதுக்குய்யா அந்தம்மாவுக்குக் கரியைத் தூக்கிப் போட்ட?" என்றார் அதிகாரி.

பயர்மேன் என்னைப் பார்த்தான்.

"புகைதான் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "துணி கறுத்துப் போச்சுன்னு அவ திட்டினா. இவனுக்கு ரோஷம் வந்து எறிஞ்சுட்டான்."

என் மடையன் சும்மா இருந்தானா? "புகையா? என் எஞ்சின்லயா? அண்ணே, நீங்க சொல்லுங்க! எங்கே இருந்துச்சு புகை?"

அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலையே," என்று அதிகாரி இழுத்தார்.

"நீங்க ஸ்டேஷன் பக்கம் பார்த்துட்டு இருந்தீங்க சார். நான் அட்டையை வெச்சுப் பார்த்தேன். நல்ல கறுப்பு."

ஒரு வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது என்று அங்கேயே முடிவாயிற்று. அதிகாரி இறங்கிப் போனார்.

"உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா சார்?" என்றான் பயர்மேன்.

படியில் ஒரு காலை வைத்திருந்த இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"அந்தம்மாகிட்ட சொல்லி வை. புகை வராத நாள்ல திட்டக் கூடாது. பாலத்துல நிக்கிறவனுக்கு எத்தனை நாள்தான் காது கேக்காம இருக்கும்?"

அதன் பிறகு எங்கள் ஷெட்டில் ஒருவரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. நாங்கள் உண்மையைச் சொன்னால் கரி விஷயம் வெளியே வந்துவிடும். அவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நான் என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவளும் இப்போது இல்லை.

பயர்மேன் டிரைவராகி, ஓய்வு பெற்று, அவனும் போய்விட்டான்.

லைன் ஓரத்தில் சலவைக் கடை இருக்கிறது. அக்காவின் மகள் நடத்துகிறாள்.